காசிக்குப் போவதும் காசிக்குள் சுற்றுவதும்: கேள்வி பதில்

பதினொரு முறை காசிக்குப் போய் வந்தவன் என்பதுதான் என் தகுதி. கட்டணம் மட்டும் கேட்காதீர்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் மாறிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து நேரடி ரயில் உண்டா? எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

உண்டு. கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2023 டிசம்பரில் தொடங்கியது, வாரம் ஒரு முறை. ராமேஸ்வரத்திலிருந்தும் பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ்.

ஸ்டேஷன் விஷயத்தில்தான் குழப்பமே. 'வாரணாசி ஜங்ஷன்' என்பதை ஊர்க்காரர்கள் கேண்ட் என்பார்கள். 'பனாரஸ்' என்பது பழைய மண்டுவாடீ. 'காசி' என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் ராஜ்காட் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'வாரணாசி சிட்டி' இன்னொன்று. இது போதாதென்று, ஊருக்குள் வராத பல ரயில்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முகல்சராயில் நிற்கும். 2018-இல் பண்டித் தீன்தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று பெயர் மாற்றினார்கள், ஆட்டோக்காரர் வாயில் இன்னும் முகல்சராய்தான். அங்கே இறங்கினாலும் பயப்பட வேண்டாம், ஆட்டோ கிடைக்கும். ராஜ்காட் பாலத்தில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். 1887-இல் திறந்த பாலம் அது, கீழே ரயில், மேலே சாலை. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். திரும்பும் நாளில் இன்னொரு ரயிலையோ விமானத்தையோ நெருக்கிப் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.

விமானத்தில் வந்தால்?

விமான நிலையம் பாபத்பூரில், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். டாக்சிதான் வசதி.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. கோயில் வாசல் வரை வண்டி போகுமா?

போகாதும்மா. கோதோலியா சந்திப்போடு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கூட்ட நாட்களில் அதற்கும் முன்பே. அங்கிருந்து தசாஸ்வமேதக் கட்டத்துக்கு (கட்டம் என்றால் படித்துறை) அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும். படகில் வந்து லலிதா கட்டத்தில் இறங்கி நேராகக் கோயிலுக்குள் போகலாம் என்று சொல்வார்கள். வழி உண்டு, ஆனால் ஏற வேண்டிய உயரத்தையும் யோசியுங்கள். முழங்கால் வலிக்கு, மைதாகின் சந்திப்புப் பக்கமிருந்து இ-ரிக்‌ஷாவில் எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அதுவரை வந்து, சௌக் சாலையில் உள்ள நான்காம் எண் வாசலில் நுழைவதே மேல்.

தங்கும் இடத்தையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். நம்மவர்கள் அதிகம் தங்குவது அனுமான் கட்டம், கேதார் கட்டம் பக்கம். சோனார்புரா சாலை வரை வண்டி வரும், அப்புறம் சந்து. ஒரு முறை இரவு 10 மணிக்கு ஓட்டுநர் ஒருவர் "இதுதான் அனுமான் கட்டம்" என்று அஸ்ஸி கட்டத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பெட்டிகளோடு படித்துறை படித்துறையாக ஏறி இறங்கி வந்தேன். மாடு ஒன்று கடைசி வரை வழி விடவில்லை.

படகு எங்கே ஏறினால் நல்லது? துடுப்பா, மோட்டாரா?

விடிவதற்கு முன் அஸ்ஸியில், துடுப்புப் படகில். காரணம் இருக்கிறது. காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அஸ்ஸி தென்கோடி. அங்கே ஏறினால் நீரோட்டமே படகை இழுத்துப் போகும். படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், சூரியன் எதிர்க்கரையில். வெயில் ஏற ஏறப் படிகளின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். திரும்பும்போதுதான் படகோட்டி பாடுபடுவார். ஓட்டம் குறைந்த கரையோரமாக, கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு இடையில் துடுப்பைக் குறுக்கிக் குறுக்கிப் போட்டு வருவார். அதனால் தசாஸ்வமேதத்தில் இறங்கிக்கொண்டு, படிகள் வழியே நடந்து திரும்புங்கள். நின்று நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம்தான்.

மாலை ஆரத்திக்கு மோட்டார் படகு போதும். ஏறுவதற்கு முன்பே ஆளுக்கு எவ்வளவு, எத்தனை நேரம், எங்கே இறக்குவார் என்று மூன்றையும் பேசிவிடுங்கள்.

பஞ்சகட்ட சிராத்தத்துக்குத் தனியாகப் படகு எடுக்க வேண்டுமா?

வேண்டாம், சிராத்தம் செய்துவைக்கும் வாத்தியாரே ஏற்பாடு செய்வார். அஸ்ஸி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வடக்கே வருணை ஆறு கங்கையில் கலக்கும் இடம் என ஐந்து இடங்கள். பிண்டத்துக்கான சாதத்தைப் படகிலேயே வடிப்பார்கள், காற்றில் அடுப்பு அணையாமல் பார்ப்பதே பெரிய வேலை. அரை நாள் ஆகும், தலைக்குத் துண்டு, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் போகலாமா?

கோயில் மட்டும் என்றால் போகலாம். வெள்ளம் ஏறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். படிகளும் மூழ்கிவிடும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சந்துக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

சாரநாத்?

10 கிலோமீட்டர் சார், ஆட்டோவில் அரை நாள் போதும். காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதாகப் பேசிக்கொண்டு, முழுக் காசையும் காசிக்குத் திரும்பிய பிறகு கொடுங்கள்.