மலேசியாவில் மாலைப் பயணத்தைத் திட்டமிடுதல்: விளக்கு வைக்கும் நேரம் எது?

கேள்வி: மதுரையிலிருந்து குடும்பத்துடன் கோலாலம்பூர், கோலசிலாங்கூர், பிறகு சபா மாநிலத்தின் கோத்தா கினபாலு எனச் சுற்றிப் பார்க்க வருகிறோம். மாலை 6 மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டுமா?

முதல் இரண்டு ஊர்களில் அதற்குத் தேவையே இல்லை. மூன்றாவது ஊருக்கு வேறு கணக்கு.

நான் குடியிருப்பது கோலசிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் சூழ்ந்த பெஸ்தாரி ஜெயாவில். எங்கள் முதியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் சொல்வார்கள். மதுரையில் பருவத்திற்கேற்ப 6 மணிக்குச் சற்று முன்பிருந்து 6.45 வரை மறையும் சூரியன், இங்கு நவம்பர் தொடக்கத்தில் 7 மணியை ஒட்டியும் பிப்ரவரியில் 7.30ஐ ஒட்டியும் மறைகிறது. நாங்கள் நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கும். கோடை, குளிர்காலம் என்று அது பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அப்படியானால் சூரியன் ஏன் இவ்வளவு தாமதமாக மறைகிறது என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை கிழக்குத் தீர்க்கரேகை 101 பாகையை ஒட்டி இருக்க, எங்கள் கடிகாரமோ அதற்குக் கிழக்கே உள்ள 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது; அதாவது சூரியனைவிடக் கடிகாரம் முந்தி ஓடுகிறது. சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரம் அமைய வேண்டும் என்பதற்காக 1982 ஜனவரி 1ஆம் நாள் இங்குள்ள கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதுவரை ஆறரை மணிக்கு மேல் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டி, புது நேரத்தில் ஏழு அடித்தும் வெளிச்சம் போகவில்லையே என்று தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இதை அறியாமல் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரு பிப்ரவரியில் திருச்சியிலிருந்து வந்த என் மாமா குடும்பத்தையே சொல்லலாம். எங்கள் மாவட்டத்துக் கம்போங் குவாந்தான் கிராமத்தில் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஒன்றுபோல் மின்னும் மின்மினிகளைப் பார்க்க, ஆறரைக்குப் படகேறி எட்டு மணிக்குச் சாப்பிடலாம் என்பது மாமாவின் கணக்கு. நானும் வேலை முடிந்து நேராகப் போனதால் மறுத்துச் சொல்லவில்லை; அது என் தவறு. ஆறரைக்கு வெயில் முகத்தில் அடித்தது. நன்றாக இருட்டாமல் மின்மினிகளைப் பார்க்க முடியாது என்பதால், கொசுக்கடியில் பசித்த பிள்ளைகளுடன் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். படகு கிளம்பிய பின் எல்லாரும் வாயடைத்துப் போனது உண்மைதான், ஆனால் சாப்பாடு கிடைத்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. இப்போதெல்லாம் வரும் உறவினர்களை முதலில் பாசிர் பெனாம்பாங் கடலுணவுக் கடைகளுக்கு அழைத்துச் சென்று, ஆற்றின் மேல் வெயில் சாய்வதைப் பார்த்தபடி சாப்பிட வைத்த பிறகே படகுத்துறைக்குப் போகிறேன். பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். நிலவொளியில் அந்த மினுக்கம் எடுபடாது.

பின்மாலை நீண்டிருக்கிறதே என்று கடைசி வரை சுற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் இங்கு இருட்டு கவிந்துவிடும். தோட்டத்துச் சாலைகளில் பல இடங்களில் விளக்கே கிடையாது. ஆகவே சொந்த வண்டி இல்லாதவர்கள் திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நோன்பு மாதமாக இருந்தால், சூரியன் மறையும் வேளையில் நோன்பு திறப்பவர்களால் உணவகங்கள் நிரம்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டு நாட்காட்டியில் உள்ள 4.30 முதல் 6 வரை என்ற பிரதோஷ நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது சூரிய மறைவைக் கொண்டு கணக்கிடுவது, ஆகவே இங்குள்ள கோயிலில் கேட்டுக்கொள்வதே நல்லது.

மாலையில் கிடைக்கும் இந்த வெளிச்சம் காலையில் கழிக்கப்படுகிறது. பிப்ரவரியில் ஏழரையை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். எங்கள் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிப் பேருந்து ஏறுகிறார்கள். ஆறு மணிக்கே கிளம்பி ஊரைப் பார்க்கலாம் என்று எண்ணாமல், நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.

சபாவில் எல்லாம் தலைகீழ். கடிகாரம் ஒன்றுதான் என்றாலும் கோத்தா கினபாலு 116 பாகையில் இருப்பதால், எங்களைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்குச் சூரியன் மறைந்துவிடும். நான் ஒரு நவம்பரில் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் தஞ்சோங் ஆரு கடற்கரைக்கு 6.45க்குப் போய், கறுத்துப் போன கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வரும் மாதத்தைக் குறிப்பிடவில்லை. நவம்பர் என்றால் அங்கு ஐந்து மணிக்கே கடற்கரையில் இருங்கள்.