அப்பா இப்போது எங்கே?

கேள்வி: அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. சபையில் ஏதோ சண்டை வந்து, கடைசி இருபது வருஷம் அவர் ஆலயத்துக்கே போகவில்லை. அடக்கத்தன்று சித்தப்பா, "மனந்திரும்பாமலே போய்விட்டான், நரகம்தான்" என்று அம்மாவின் காதுபடச் சொல்லிவிட்டார். போதகரோ, "நித்திரை அடைந்திருக்கிறார்" என்கிறார். அம்மா ராத்திரியில் தூங்குவதே இல்லை. அப்பா எங்கேதான் இருக்கிறார்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் சித்தப்பா. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர்கள் என்று அறிவித்திருக்கிறது. அதாவது, இவர் மோட்சத்தில் இருக்கிறார் என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிக்கூட இதுவரை அறிவித்ததில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றிக்கூட இல்லை! திருச்சபையே தொடத் துணியாத தீர்ப்பை உங்கள் சித்தப்பா கல்லறைப் பக்கத்தில் நின்றபடியே எழுதிவிட்டார்.

நரகமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுவிசேஷங்களில் அதைப் பற்றி அதிகம் பேசுபவரே இயேசுதான். அவர் சொன்ன 'கெஹென்னா' என்ற சொல், எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. பெற்ற பிள்ளைகளையே தீயில் பலி கொடுத்த இடம் அது. பிறகு யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தி, அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டினான். அந்தப் பெயரைக் கேட்டதுமே ஜனங்களுக்குப் பகீரென்றிருக்கும். சரி, அதை யாரைப் பார்த்துச் சொன்னார்? சகோதரனை 'மூடனே' என்று திட்டுகிறவனை (மத்தேயு 5:22). பக்தி வேஷம் போட்ட பரிசேயரை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்து நியாயத்தீர்ப்பில் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதே பேச்சு. வலது பக்கம் நிற்பவர்களும் சரி, இடது பக்கம் நிற்பவர்களும் சரி, "எப்போது ஆண்டவரே?" என்று திகைத்துத்தான் கேட்கிறார்கள்.

இனி போதகர் சொன்ன நித்திரை. செத்துப்போன லாசருவை இயேசுவே 'நித்திரையடைந்திருக்கிறான்' என்றுதான் சொன்னார். அட்வென்டிஸ்ட் சபையார் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசி நாள் வரை இறந்தவர்களுக்கு எந்த உணர்வும் இல்லை என்கிறார்கள். பெரும்பாலான மற்ற சபைகளுக்கு அது மரணத்தைக் குறிக்கும் மென்மையான சொல், அவ்வளவுதான். ஆத்துமா உடனே கர்த்தரிடம் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொன்னாரே! அதிலும் ஒரு வழக்கு உண்டு. 'இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன், நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று, 'இன்றைக்கு' என்பதைச் சொல்வதோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பார்கள் அட்வென்டிஸ்டுகள். ஆதி கிரேக்கப் பிரதிகளில் காற்புள்ளி கிடையாது, அதனால் வந்த வினை. எனக்கென்னவோ முதல் வாசிப்புதான் சரியாகப்படுகிறது. உங்கள் போதகர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இந்தச் சண்டையில் நாம் மறந்துபோவது ஒன்று உண்டு. பெரும்பாலான சபைகள் அறிக்கையிடும், 381-இல் முழு வடிவம் பெற்ற நிசேயா விசுவாசப் பிரமாணத்தில், ஆத்துமா மேலே பறந்து போவதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்பதுதான் இருக்கிறது. பவுல் இதற்கு விதையை உதாரணம் காட்டுகிறார்: விதைப்பது வெறும் மணி, முளைத்து வருவது வேறு உருவம், ஆனால் அதே பயிர். அப்பா எங்கே என்ற கேள்விக்கு, இன்னும் எழுப்பப்பட வேண்டியவராக இருக்கிறார் என்பதுதான் எல்லாச் சபைகளும் கையெழுத்துப் போடும் பதில்.

அவர் பரலோகத்தில்தான் இருக்கிறார் என்று எழுதிக்கொடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை. ஆலயத்துக்குப் போகாததும் விசுவாசம் இல்லாததும் ஒன்றல்ல என்பது மட்டும் தெரியும். கடைசி மூச்சில் ஒரு மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்டிருக்காது. அந்தக் கள்ளனுக்கும் கிடைத்தது சில மணி நேரம்தான். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், ராத்திரியில், பக்கத்தில் உட்கார்ந்து. அவருக்காக ஜெபிக்கலாமா என்று அம்மா கேட்டால், கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஆதியிலிருந்தே ஜெபிக்கிறார்கள். புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் வழக்கமில்லை. அழுதுகொண்டே அவர் பெயரைச் சொல்கிற ஒரு மனைவியைத் தடுக்க நான் போகமாட்டேன்.

அப்புறம், சித்தப்பா அடுத்த முறை வரும்போது மத்தேயு 5:22-ஐத் திறந்து மேஜைமேல் வைக்க வேண்டாம். எனக்கும் ஆசைதான்.