பகுதி நான்கு பாடங்களை யார் கண்காணிப்பது?

வட சென்னைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி, அடிப்படைத் தமிழ், பிறதுறை விருப்பப்பாடம் போன்ற பொதுப் பாடங்களுக்கு, அதாவது இளநிலைப் படிப்பின் பகுதி நான்கு பாடங்களுக்கு, கண்காணிக்கும் ஆசிரியர் குழு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் தேவை. முதன்மைப் பாடத்துக்குத் துறையின் பாடத்திட்டக் குழு இருக்கிறது. பகுதி நான்குக்கு எந்தத் துறையும் சொந்தம் கொண்டாடுவதில்லை. மணிநேரம் குறைவாக உள்ளவர் தலையில் வகுப்பு விழும், அடுத்த பருவத்தில் ஆள் மாறிவிடுவார்.

குழுவில் துறைக்கொருவராக ஐந்தாறு பேர், மூன்றாண்டுப் பொறுப்பு, நடுவில் மாற்றம் கூடாது. தன்னாட்சிக் கல்லூரியில் இவர்கள் முன்மொழிவு கல்விக் குழுவுக்குப் போகும். இணைப்புக் கல்லூரியில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. கால அட்டவணை, அகமதிப்பீடு, வகுப்புத் தரம் மட்டுமே கையில் இருக்கும். அதுவே நிறைய வேலை.

முதல் தவறு சேர்க்கையிலேயே நடக்கும். சௌகார்பேட்டையிலிருந்து வரும் மாணவி பகுதி ஒன்றில், அதாவது மொழிப் பாடத்தில், இந்தி எடுத்திருப்பார். பள்ளியில் தமிழே படிக்காதவர் என்றால் அடிப்படைத் தமிழ், பன்னிரண்டு வரை படித்தவர் என்றால் சிறப்புத் தமிழ். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல், பேசும் தமிழை வைத்துச் சிறப்புத் தமிழில் சேர்த்துவிடுகிறார்கள். எழுத்துகூடத் தெரியாமல் அந்தப் பிள்ளை தவிக்கும். சேர்க்கை நாளிலேயே பட்டியலைச் சரிபாருங்கள்.

அடுத்தது சுற்றுச்சூழல் கல்வியின் களப்பணி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2003 பாடத்திட்டம் 50 வகுப்புகளில் 5ஐயும், 100 மதிப்பெண்ணில் 25ஐயும் இதற்கே ஒதுக்கியது. எண்ணூர் கழிமுகம் பக்கத்திலேயே இருக்க, இணையத்திலிருந்து எடுத்த காட்டுப் படங்களை ஒட்டி ஒப்படைப்பது வருத்தமான விஷயம். வகுப்புக்குப் பத்து களப்பணி ஏடுகளைக் குழு எடுத்துப் படிக்கட்டும். சாம்பல் படிந்த இடம், அலையாத்தி நிற்கும் இடம், போன தேதி, மாணவர் கைப்பட வரைந்த படம் இருக்கிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.