சுவடி, காகிதப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு வெளிநாட்டுப் பயிற்சி கிடைக்குமா? விண்ணப்பிப்பது வீண் வேலையா?

வயது 27, ஒரு நூலகத்தில் பழைய சுவடிகளையும் காகிதங்களையும் செப்பனிடும் பாதுகாப்புப் பிரிவில் ஒப்பந்த வேலை, ஆங்கிலம் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியோ தங்கையோ தெரியவில்லை. ஆனால் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். விரலில் மயில்துத்தக் கறை, அதாவது பூச்சி வராமலிருக்கப் பசையில் கலக்கும் நீல உப்பின் கறை, இருக்கும். சம்பளம் இரண்டு மாதம் தள்ளி வரும். ‘பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன்’ என்று கல்யாண வீட்டில் சொன்னால் ‘மிலிட்டரியா?’ என்பார்கள். நானும் அந்த மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள்தான்.

கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்கும், விண்ணப்பியுங்கள். ரோமில் இருக்கும் இக்ரோம் (ICCROM) என்ற பன்னாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு கல், கட்டடம், காகிதம் என்று தனித்தனியாகப் பயிற்சி நடத்துகிறது. அந்த அமைப்பைத் தொடங்குவதென்று முடிவெடுத்தது 1956இல் தில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாடு. நம் வீட்டில் நிச்சயம் செய்து ரோமில் குடித்தனம் வைத்த கதை. பிரிட்டன் போக சார்லஸ் வாலஸ் இந்தியா ட்ரஸ்ட் இருக்கிறது. கல்கத்தாவில் ஷா வாலஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் வாலஸ் 1916இல் இறந்தார். அவர் விட்டுப்போன சொத்திலிருந்து 1981இல் உருவானது அந்த ட்ரஸ்ட். (ஷா வாலஸ் என்றால் நம்மூர் ஆண்களுக்கு வேறு பாட்டில் ஞாபகம் வரும், போகட்டும்.) அமெரிக்காவில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் பாரம்பரியப் பாதுகாப்புக்கும் இடம் உண்டு. வயது வரம்பு, கடைசித் தேதி, விமானச் செலவு யாருடையது என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அவரவர் தளத்தில் பாருங்கள், என் பேச்சை நம்பி இருக்காதீர்கள்.

நான் போனது ஜப்பான். டோக்கியோவில் உவேனோ பூங்காவுக்குள் பண்பாட்டுச் சொத்துகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதுவும் இக்ரோமும் சேர்ந்து 1992 முதல் ஜப்பானியக் காகிதப் பயிற்சி நடத்திவருகின்றன. மூன்று வாரம், பத்துப் பேர் அளவில்தான் எடுப்பார்கள். எனக்கு அப்போது 31 வயது, பையனுக்கு நான்கு. குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போனாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மூன்று வாரம்தானம்மா போனேன். என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்தபோது யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை.

போவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். தடையில்லாச் சான்று கேட்டுப் போனேன். ‘நீங்க நிரந்தரப் பணியாளரே இல்லையேம்மா, உங்களுக்கு நான் எப்படித் தடையில்லைன்னு எழுதுறது?’ என்றார் மேலதிகாரி. சரி, அப்படியானால் சான்று இல்லாமலே போகிறேன் என்றேன். ‘அது எப்படி, இங்க வேலை பார்த்துக்கிட்டுச் சான்று இல்லாம போவீங்க?’ ஐந்து வாரம் இதே பேச்சு. கடைசியில் அவர் விடுப்பில் போன நாளில், பொறுப்பில் இருந்தவர் கையெழுத்துப் போட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். எனக்கும் தடுமாற்றம்தான். விண்ணப்பத்தில் ‘பாரம்பரியத்தைக் காக்கும் தாகம்’ என்றெல்லாம் நான் எழுதவில்லை. என் மேஜையில் அப்போது இருந்த ஒரு நிலக் கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதினேன். பழைய ஆட்கள் கெட்டியான மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போட்ட இடம் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. காகிதம் அந்த ஒட்டின் ஓரத்திலேயே ஒடிந்தது. இதை என்ன செய்வதென்று தெரியவில்லை, கற்றுக்கொள்ள வருகிறேன் என்று முடித்தேன். என்னை எடுத்தது அதற்காகத்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அங்கே முதல் நாட்களில் பசை. கோதுமை மாவிலிருந்து பசைத்தன்மையுள்ள புரதத்தைக் கழுவி நீக்கிவிட்டு, ஸ்டார்ச்சை மட்டும் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள். கை வலிக்கக் கிண்ட வேண்டும். ஆறியதும் சல்லடையில் திரும்பத் திரும்பத் தேய்த்து, மரத் தட்டில் தூரிகையால் குழைத்து, மோர் பதத்துக்குக் கரைக்கிறார்கள். மயில்துத்தம் கிடையாது. பூச்சி வராதா என்று கேட்டேன். பசை எவ்வளவு குறைவோ பூச்சிக்கும் அவ்வளவு குறைவு என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் வந்தது.

அப்புறம் ஒரு தாளுக்குப் பின்னால் தாங்கலாக இன்னொரு தாளை ஒட்டச் சொன்னார்கள். நனைந்த தாளை ஒரு குச்சியில் தூக்கி, காற்றுக் குமிழ் இல்லாமல் இறக்க வேண்டும். நான் இறக்கினேன். நடுவில் அழகாக ஒரு சுருக்கம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய தண்ணீர்த் தூவல், அரை நிமிடம் பொறுத்தார், ஒரு மூலையைப் பிடித்து உரித்தார். இரண்டு தாளும் அப்படியே முழுசாக வந்தன. ‘மறுபடி’ என்றார். எங்கள் நூலகத்தில் ஒட்டு பிரியாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அங்கே பிரித்தெடுக்க முடிந்தால்தான் ஒட்டவே விடுகிறார்கள்.

மினோ என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள், காகிதம் செய்யும் ஊர். வேகவைத்த கோசோ நாரை, அதாவது காகித மல்பெரி மரப்பட்டையின் நாரை, தண்ணீரில் போட்டுக்கொண்டு, அதிலிருக்கும் கறுப்புப் புள்ளியை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. எங்கள் அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்குவது அப்படியே கண்முன் வந்தது. என்ன வித்தியாசம் என்றால், அந்தக் காகிதக் கைவினை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது.

உடனே ‘ஜப்பான் புராணம் பாடுகிறாள்’ என்று வராதீர்கள். நாமும் கொடுத்திருக்கிறோம். மெஷின் இல்லாமல், அசிடோன் என்ற கரைப்பானில் நனைத்த பஞ்சை வைத்தே செல்லுலோஸ் அசிடேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காகிதத்தில் ஒட்டும் முறை 1950களில் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது. கத்பாலியா என்பவர் அதில் முக்கியமானவர். பிற நாட்டு ஆவணக் காப்பகங்களும் அதைப் பின்பற்றின. இன்று அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள், காரணமும் நியாயமானதுதான்: அந்தப் படலம் காலப்போக்கில் சிதைந்து அமில வாடை அடிக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அப்புறம் நானும் வெறுங்கையோடு போகவில்லை. எழுத்தாணியால் எழுத்தைக் கீறி, மை தடவாமல் விட்ட ஒரு ஓலை கொண்டுபோயிருந்தேன். ஒரு மாலை அதன்மேல் விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்து, துணியால் துடைத்தேன். ஒன்றுமே தெரியாத ஓலையில் எழுத்து எழுந்து வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். ஓலைக்குப் பூசும் புல்தைலத்தின் (வாசனைப்புல் எண்ணெய்) வாசனையைக் கேட்டுக் கேட்டு முகர்ந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘ஜெர்மன்காரன் நம் ஓலைச்சுவடியைக் கொண்டுபோய்த்தான் ராக்கெட் விட்டான்’ என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதை எனக்கு அனுப்பும் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் தாத்தாவின் வைத்திய ஏடு இருந்தது. நான் மூன்று முறை கேட்டேன், நாளைக்கு நாளைக்கு என்றார். ஒரு ஆடிப்பெருக்கு அன்று மஞ்சள் துணியில் சுற்றி ஆற்றில் விட்டுவிட்டு, புண்ணியம் என்றார். எந்த ஜெர்மன்காரன் வந்தான்?

திரும்பி வந்த கதை கொஞ்சம்தான். முதல் வாரமே என்னைச் சுவடி எண்ணிக்கை எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பாதுகாப்புப் பிரிவில் ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் செப்பனிட்டு முடிக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. ஜப்பான் முறையில் நான் மூன்று பக்கம்தான் முடிப்பேன். அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, குவியல் அப்படி. ஆனால் ‘ஸ்கேன் எடுத்தாச்சு, இனி ஒரிஜினலுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்’ என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்களே, அதற்கு என்னிடம் இன்றும் கோபம்தான் இருக்கிறது. அடுத்த வருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டிலேயே தனியார் சேகரிப்புகளுக்கு வேலை செய்து தருகிறேன். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே, திரும்பி வந்ததும் எந்த மேஜையில் உட்காரப்போகிறீர்கள் என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டும் இன்றே எடுங்கள்.

ஜப்பானில் பெருங்குளிர் நாளில் பசை காய்ச்சி, ஜாடியில் ஊற்றிப் பத்து வருடம் வைத்திருந்து எடுத்துப் பயன்படுத்துவார்கள். சுருளோவியத்துக்கு அந்தப் பழம்பசைதான் மென்மை. நானும் ஒரு தை மாதம் காய்ச்சி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். எங்கள் ஊர் வெயிலில் பத்து வாரம்கூடத் தாங்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறதென்று மாமியார் வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் ஜாடியோடு தூக்கிப் போட்டார். இப்போதெல்லாம் அன்றன்றைக்குக் காய்ச்சுவதுதான். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில், ‘இது மாவு இல்லை’ என்று எழுதி ஒட்டிய டப்பாவில்.