காசநோய்க் குளிசை குடிக்கும் காலத்தில் இரத்தமும் நிறையும்: கேள்வி-பதில்

வாழைச்சேனை வாசகி: மருந்து தொடங்கி 3 கிழமை. ஈமோகுளோபின் 9.4. பார்மசியில் இரும்புக் குளிசை வாங்கிக் குடிக்கலாமா?

கிளினிக்கில் கேட்காமல் வாங்க வேண்டாம். காசநோயில் வரும் இரத்தசோகை பெரும்பாலும் அழற்சியால் வருவது. கிருமியோடு போராடும்போது ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலில் இரும்பு ஏறுவதைக் குறைக்கும், சேமிப்பில் உள்ளதையும் வெளியே விடாது. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, கதவு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கதவைத் திறப்பது காசநோய் மருந்துதான். நோய் அடங்க, பலருக்கு ஈமோகுளோபின் தானாக ஏறும். 2 மாதத்தில் திரும்பச் சோதியுங்கள்.

உண்மையான இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம். அதிக மாதவிடாய், பூச்சித் தொல்லை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்பது உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் இரத்தச் சோதனை. 'ஃபெரிட்டின் நோர்மல்' என்ற ரிப்போர்ட்டை அப்படியே நம்பவும் முடியாது. அழற்சி அதை உயர்த்திக் காட்டும். அதனால் சுகமான பெரியவர்களுக்கு 15 என்ற எல்லையை, தொற்று உள்ளவர்களுக்கு 70 ஆக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஈமோகுளோபின் 8க்குக் கீழே போனாலோ, நடக்கவே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை நிறுத்தவும் கூடாது.

கல்முனை வாசகர்: சூரை மீன் கறி சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் செய்யும் வேலை. மீனில் உள்ள, ஒவ்வாமை போன்ற குணத்தை உண்டாக்கும் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை அது தடுக்கும். சூரை இனத்தில் ஹிஸ்டமின் கூடும், வெயிலில் கிடந்த மீனில் இன்னும் கூடும். சமைத்தாலும் அது போகாது. மருந்து முடியும்வரை சூரையை விட்டு வாவி இறால், முட்டை என்று மாறுங்கள். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். மூச்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரி.

அக்கரைப்பற்று வாசகர்: அப்பாவுக்கு 42 கிலோ. எவ்வளவு சாப்பிட வேண்டும்? சத்துமா டின் வாங்கவா?

டின் காசுக்கு முட்டை வாங்குங்கள். ஒரு கிலோ நிறைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று பார்த்தால், அவருக்கு நாளுக்கு 50 முதல் 63 கிராம் வேண்டும். 2 முட்டையில் 12, 100 கிராம் மீனில் 20, ஒரு கோப்பை தடித்த பருப்பில் 15 அளவு கிடைக்கும். மீதி சோறு, தயிர், கௌபியில் வரும். பசியில்லாதவருக்கு 3 வேளைச் சாப்பாட்டை 5 ஆக்குங்கள், சோற்றில் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ கூட்டுங்கள். இரும்பு நன்றாக ஏற, முருங்கைக்கீரைக்குத் தேசிக்காய் பிழியலாம். பிளேன்டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளுங்கள்.

2 மாதத்தில் 2 கிலோவாவது ஏற வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 2 மாதத்தில் 5 வீதம் நிறை கூடியவர்களிடம் மரண ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. நிறை ஏறினால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், குளிசை எண்ணிக்கை நிறையைப் பொறுத்தது.

செங்கலடி வாசகி: வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது. கால் பாதமும் விறைக்கிறது.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும். தாங்காவிட்டால் ஒரு துண்டு பாணோடு குடியுங்கள், தவறவிடுவதைவிட அது மேல். வயிற்றெரிவு மருந்தை அதே நேரத்தில் எடுக்க வேண்டாம். விறைப்புக்கு பி6 (பைரிடொக்சின்) குளிசை உண்டு, கேட்டு வாங்குங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது வழமை. ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், அடுத்த வேளைக் குளிசைக்கு முன் கிளினிக்குக்குப் போங்கள்.