ஐயா காலத்துப் பேரேட்டுக்கு எவ்வளவு பெரிய சர்வர்?

கேள்வி: எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் கிடந்த பேரேடு, சிட்டை, ஐந்தொகை, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எல்லாவற்றையும் வாங்கி ஸ்கேன் செய்துவருகிறோம். இதுவரை 2 லட்சம் பக்கம். ஏ3 அளவு, 300 டிபிஐ, கலர், சுருக்காத டிஃப் படக் கோப்பு. வருஷத்துக்கு இன்னும் 60 ஆயிரம் பக்கம் சேரும். சாதாரண நாளில் பத்துப் பேர் பார்ப்பார்கள். பிள்ளையார் நோன்பு சமயத்தில் மலேசியா, சிங்கப்பூரில் இருந்தெல்லாம் 300 பேர் ஒன்றாக வந்துவிடுகிறார்கள், அப்போது படமே திறப்பதில்லை. புது சர்வருக்கு விலை கேட்டோம். 64 கோர், 512 ஜிபி ராம், 8 டிபி ஹார்ட்டிஸ்க் ரெய்டு 5இல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஒரு பக்கத்தைக் கணக்குப் போடுங்கள். ஏ3 தாள் 300 டிபிஐயில் 3508க்கு 4961 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், ஆக ஒரு பக்கம் சுமார் 52 எம்பி. 2 லட்சம் பக்கத்துக்கு 10.4 டிபி. கையில் இருப்பதே அந்த 8 டிபியில் அடங்காது! நாலு வருஷத்தில் சேரப்போவதையும் கூட்டினால் 23 டிபி வருகிறது, அதற்கு மேல் கொஞ்சம் காலி இடமும் வேண்டும். 8 டிபி டிஸ்க் ஆறு வாங்கி ரெய்டு 6இல் போடுங்கள் (ரெய்டு என்றால் பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்றிரண்டு போனாலும் படங்கள் தப்பும்படி வைக்கும் முறை; 6இல் இரண்டு போனாலும் தாங்கும்). இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 32 டிபி நிற்கும்.

ரெய்டு 6 என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் ரெய்டு 5, அது ஒரே ஒரு டிஸ்க் போனால் மட்டும்தான் தாங்கும். ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த டிஸ்க்குகள். ஒன்று போயிற்று, புதிதைச் செருகி அது நிரம்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் போயிற்று. வெளியே வேறு நகல் இல்லாததால் மூன்று மாத ஸ்கேன் அப்படியே போய்விட்டது. திரும்ப எடுக்கலாம் என்று கட்டுகளைப் பிரித்தால் பல தாள்களின் ஓரம் பொடியாகக் கொட்டியது. அதை இன்னும் மறக்க முடியவில்லை. ரெய்டு என்பதை பேக்கப் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். முழு நகல் ஒன்று வேறு ஊரில், மதுரையிலோ சென்னையிலோ இருக்கட்டும். முதல் நகலை டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள், 100 எம்பிபிஎஸ் லைனில் 10 டிபி அனுப்பப் பத்து நாள் ஆகும்.

இப்போது 300 பேர் விஷயம். ஒருவர் தன் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துப் பேரேட்டைத் திறக்கிறார் என்று வையுங்கள். மேலே பிள்ளையார் சுழி, கீழே வரவு பற்று, வலது ஓரத்தில் மை மங்கிய ஒரு பின்னக் குறி, அது மாகாணியா அரைக்காலா என்று பார்க்க அந்த மூலையை மட்டும் பெரிதாக்குகிறார். அவருக்குத் தேவை அந்தச் சின்னத் துண்டு. உங்கள் சர்வர் ஒவ்வொரு தடவையும் 52 எம்பி டிஃப்பைத் திறந்து அதிலிருந்து துண்டு வெட்டிக் கொடுக்கிறது என்று நினைக்கிறேன், அப்படியானால் 64 கோர் போட்டாலும் திணறத்தான் செய்யும். மைக்ரோஃபிலிம் காலத்திலேயே மூலச்சுருள் வேறு, வாசகர் கையில் தரும் சுருள் வேறு என்றுதான் வைத்திருந்தார்கள். அதையே செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு ஜேபெக் நகலைப் பல அளவுகளில், துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுங்கள். பக்கத்துக்கு 4 எம்பி என்றால் இன்று 800 ஜிபி, நாலு வருஷம் கழித்தும் 2 டிபிக்குள். 4 டிபி எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றுக்கொன்று நகலாக, போதும். இதற்கு 16 கோர், 64 ஜிபி இசிசி (பிழையைத் தானே திருத்தும்) ராம் தாராளம். தேடல் அட்டவணை போக மிச்ச ராமில், அடிக்கடி பார்க்கும் பக்கங்கள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் லைன். 300 பேர், ஆளுக்கு 15 நொடிக்கு ஒரு பக்கம் என்றால் நொடிக்கு 20 பக்கம். பக்கத்துக்கு 1 எம்பி போனால்கூட 160 எம்பிபிஎஸ் வெளியே போக வேண்டும். உங்கள் லைனின் அப்லோடு வேகம் என்ன என்று முதலில் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேதான் இருக்கும். வேகம் பற்றாவிட்டால் ஜேபெக் நகல்களை மட்டும் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு வையுங்கள், டிஃப் எல்லாம் காரைக்குடியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சர்வரை எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டு அறை ஒன்றில் வைக்கலாம் என்கிறார் ஆச்சி. கனத்த சுவர், சித்திரையிலும் குளுகுளு என்று இருக்கும்.
- அதே வாசகர்

பதில்: ஆச்சி சொல்வது மனிதர்களுக்குச் சரி. 400 வாட் இழுக்கும் சர்வர் ராப்பகலாக 400 வாட் சூட்டைக் கக்கும், ஜன்னல் சாத்திய அறையில் அந்தச் சூடு வெளியே போக வழியே இருக்காது. சின்ன ஏசி ஒன்று வையுங்கள், கதவில் தூசி வடிகட்டி போடுங்கள். யுபிஎஸ் 20 நிமிஷம் தாங்கினால் போதும், ஆனால் பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஒழுங்காக அணைகிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓடு ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.