சஸ்பென்ஷன் சத்தம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் 7 சீட்டர் டீசல் எஸ்யுவி 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தெருவில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. நெடுஞ்சாலையில் சத்தமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஸ்ட்ரட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், ஓசூர்

கொஞ்சம் பொறுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட்; அது போயிருந்தால் வேறு அடையாளமும் தெரியும். எண்ணெய் வழிந்து புழுதியோடு அப்பியிருக்கும். வேகத்தடை தாண்டியபின் வண்டி அடங்காமல் ஆடும். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருக்கும். லேசான எண்ணெய்ப்பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல் தெருவின் சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் தட்டினால் முதல் சந்தேகம் லிங்க் ராட் மீதுதான். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறிய கம்பி அது. இரு முனையிலும் குட்டி பால் ஜாயிண்ட் இருக்கும். ரப்பர் உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும்; பிறகு பந்து தன் குழியில் ஆட ஆரம்பிக்கும். இடது சக்கரமும் வலது சக்கரமும் மாறி மாறி ஏறி இறங்கும்போதுதான் அந்த பாருக்கு வேலை. அதனால்தான் குண்டும் குழியுமான தெருவில் தட்டுகிறது. இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் பெரும்பாலும் தட்டாது.

சோதிப்பது எளிது. சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு லிங்க்கைப் பிடித்து வெடுக்கென்று ஆட்டினால், தேய்ந்த ஜாயிண்ட் தட்டுவது கைக்கே தெரியும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்காதீர்கள். பார் முறுக்கேறி லிங்க்கை இறுக்கிவிடும். தேய்ந்த லிங்க்கூட ஆடாது. அப்படிப் பார்த்துவிட்டு 'லிங்க் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறையப் பேர்.

இன்னும் சந்தேகமா? முன்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் ஏற்றி இரண்டு லிங்க்கையும் கழற்றுங்கள். பார் எங்கும் உரசாதபடி கட்டிவிட்டு, அதே தெருவில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் லிங்க் அல்லது பாரைத் தாங்கும் ரப்பர் புஷ். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம்.

லிங்க்கின் நட்டைத் திருப்பினால் அது ஏறியிருக்கும் மரையுள்ள தண்டும் (ஸ்டட்) சேர்ந்து சுற்றும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவைத்து, ஸ்டட் முனையில் இருக்கும் குழியில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். புதிய லிங்க்கை இரு பக்கமும் ஜோடியாக, புது நட்டோடு போடுங்கள். இந்த வேலைக்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை.

கேள்வி: பிரேக் பிடித்தால் ஒரு 'தட்', ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே நகர்ந்தால் இன்னொரு 'தட்'. லோயர் ஆர்ம் புஷ் மாற்றி 6 மாதம்கூட ஆகவில்லை. பாகம் போலியா?
- வாசகி, திண்டுக்கல்

இருக்கலாம். ஆனால் மாட்டிய விதத்தைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சப்ஃபிரேம்) இணைக்கும் கைதான் லோயர் ஆர்ம். அதன் புஷ்ஷில் ரப்பர் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு கூடி, சீக்கிரமே கிழிந்துவிடும்.

எனவே போல்ட்டுகளைக் கையால் முடுக்கிய அளவில் விட்டு, சக்கரங்கள் மீது வண்டியின் எடை இறங்கியபின் டார்க் ரெஞ்சால், சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதன் திசைக் குறியைப் பார்த்து அழுத்தாவிட்டாலும் இதே கதைதான். லேத்தில் கடைந்த நைலான் புஷ்ஷை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சத்தம் போனாலும் அதிர்வு நேராக பாடிக்கு ஏறும்.

மறுபடி மாற்றும் முன் ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே லீவர் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வாய் திறந்தால் புஷ்தான். அப்படி இல்லையென்றால் சப்ஃபிரேம் போல்ட்டுகளையும் பிரேக் காலிப்பரின் கைடு பின்களையும் பாருங்கள். ஆர்மைக் கழற்றினால் அலைன்மென்ட் கட்டாயம்.

கேள்வி: நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்கிறதே?
- வாசகர், காரைக்குடி

ஸ்ட்ரட் உச்சியில் இருக்கும் பேரிங் இறுகியிருக்கலாம். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் சுருள்களுக்கு இடையே விரல் விடாமல் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரெனத் துள்ளினால் அதுதான். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சரியான கம்ப்ரஸர் உள்ள இடத்தில் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்றாம் வரிசையில் உட்காருபவர்களுக்கு மட்டும் 'கடகட' கேட்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

ஷாக் அப்சார்பருக்குச் செலவு செய்யும் முன் ஜாக்கியையும் டூல் கிட்டையும் இறக்கிவைத்து ஓட்டிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் கையால் ஆட்டுங்கள். அசைந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கும் வின்ச்சை இறுக்குங்கள். அடுத்து சீட் லாக், சைலன்சரைத் தாங்கும் ரப்பர். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஷாக் அப்சார்பரின் மேல் புஷ்.